அவரோட அம்மா பேர் என்ன? அயர்லாந்து முன்னோரை இலவசப் பதிவேடுகளில் தேடுவது

பெரம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டியாச்சு. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் மெல்போர்னில். ஒரு கிறிஸ்துமஸுக்கு ரோஸ் குக்கி கொடுக்க வந்தவர், கூடவே துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றையும் மேசைமேல் வைத்தார்.

"நீ பழைய ரெக்கார்டு எல்லாம் பாக்கிறியாமே. இதைக் கொஞ்சம் பாரு மேன்."

உள்ளே இரண்டு காகிதங்கள். ஒன்று, அவருடைய தாத்தாவின் அப்பா பட்டாளத்திலிருந்து விலகியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் பேப்பர். பெயர், வயது, பிறந்த இடம். டிப்பரேரி கவுண்டி, நீனா ஊருக்குப் பக்கத்தில் ஒரு பங்கு. இன்னொன்று, 1865இல் மதராஸில் அவர் செய்த கல்யாணத்தின் சான்று நகல். அதில் அவருடைய அப்பா பெயர் இருந்தது.

"அப்பா பேரு இருக்கு. அவரோட அம்மா பேர் என்ன? அதை மட்டும் கண்டுபிடிச்சுக் கொடு. என் பேத்தி கேக்கிறா, எனக்குச் சொல்லத் தெரியல."

இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொன்னேன். எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். குடும்பம் கேட்டுக்கொண்டதால் பெயர்களைப் போடவில்லை. காசு கட்டிப் பார்க்கும் தளம் எதையும் நான் தொடவில்லை. எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை.

ஒரு சின்ன முன்குறிப்பு. ஐரிஷ்காரருக்கும் பெரம்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்களுக்கு: கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் பட்டாளத்தில் பெரும் பங்கு ஐரிஷ் இளைஞர்கள். கம்பெனி வைத்திருந்த மதராஸ் ஐரோப்பியப் பட்டாளம்தான் பிறகு ராயல் மதராஸ் ஃப்யூசிலியர்ஸ் ஆகி, 1881இல் பம்பாய்ப் பட்டாளத்தோடு சேர்ந்து ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்ற பெயரைப் பெற்றது. பட்டாளத்தை விட்டவர்களில் சிலர் ஊர் திரும்பாமல் இங்கேயே ரயில்வேயில் சேர்ந்தார்கள். நம் ஆன்ட்டியின் கொள்ளுத்தாத்தா அவர்களில் ஒருவர்.

முதலில், எரிந்து போனது என்ன?

அயர்லாந்து வம்சாவளி என்று தேட ஆரம்பித்த உடனே எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: "எல்லாம் எரிஞ்சு போச்சு." பாதி உண்மை.

1922 ஜூன் 30. அயர்லாந்தின் உள்நாட்டுப் போர் தொடங்கிய வாரம். டப்ளினில் நான்கு நீதிமன்றங்கள் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் வெடி வெடித்துத் தீப்பிடித்தது. அந்த வளாகத்துக்குள்தான் நாட்டின் பொது ஆவணக் காப்பகம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டிலிருந்து சேர்த்து வைத்த காகிதங்கள் ஒரே நாளில் போயின. எரிந்த தாள்கள் நகரம் முழுக்கப் பறந்து விழுந்தனவாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கதை இன்னும் சோகம். 1821, 1831, 1841, 1851 கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் தவிர மற்றதெல்லாம் இந்தத் தீயில் போனது. ஆனால் 1861, 1871 கணக்கெடுப்புகள் தீக்கு முன்பே அரசாங்க உத்தரவுப்படி அழிக்கப்பட்டுவிட்டன. 1881, 1891 படிவங்களை முதல் உலகப்போர்க் காலத்தில் கூழாக்கிவிட்டார்கள். ஆக எட்டில் நான்கு தீக்கு, நான்கு குமாஸ்தாக்களுக்கு.

சரி, மிஞ்சியது என்ன? இதைத்தான் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கத்தோலிக்கக் கோவில் பதிவேடுகள் மிஞ்சின. அவை அந்தந்தப் பங்குச் சாமியார் வீட்டிலேயே இருந்தன, டப்ளினுக்கு அனுப்பப்படவே இல்லை. மாறாக, அரசாங்கத் திருச்சபையாக இருந்த சர்ச் ஆஃப் அயர்லாந்தின் சுமார் ஆயிரம் பங்குகளின் பதிவேடுகள் பாதுகாப்புக்காகக் காப்பகத்தில் வைக்கப்பட்டு, அங்கேயே எரிந்தன. பத்திரமாக வைத்தது போனது, கவனிக்காமல் விட்டது பிழைத்தது.

அரசு பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் வேறு கட்டடத்தில் இருந்ததால் பிழைத்தன. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுசாக இருக்கின்றன. அச்சடித்து வெளியான நிலமதிப்புப் புத்தகங்கள் இருக்கின்றன.

2022 ஜூனில், தீயின் நூறாவது ஆண்டில், டப்ளின் டிரினிட்டி கல்லூரியை மையமாகக் கொண்ட குழு ஒன்று அயர்லாந்தின் மெய்நிகர் ஆவணக் கருவூலம் என்ற இலவசத் தளத்தைத் திறந்தது. எரிந்தவற்றுக்கு உலகத்தின் வேறு மூலைகளில் இருந்த நகல்கள், சுருக்கங்கள் எல்லாவற்றையும் தேடிச் சேர்க்கிறார்கள். அதையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்.

ஊர்ப் பெயர் இல்லாமல் ஆரம்பிக்காதீங்க

"அயர்லாந்துல மர்ஃபி குடும்பம்" என்று தேடினால் கடலில் ஊசி தேடுவது மாதிரி. அந்த நாட்டில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயரே மர்ஃபிதான். ஜான், பேட்ரிக், மைக்கேல், மேரி, பிரிட்ஜெட் என்று சில பெயர்களையே திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார்கள். ஆகவே ஆளைப் பிரித்துக் காட்டுவது இடம்தான்.

அங்கே நிலம் பிரிக்கப்பட்ட விதம் இப்படி. கவுண்டி பெரியது. அதற்குள் பேரனி. அதற்குள் சிவில் பங்கு. எல்லாவற்றிலும் சின்னது டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் நகரமெல்லாம் கிடையாது. சில வயல்கள், சில வீடுகள், அவ்வளவுதான். சில டவுன்லேண்டில் வீடே இருக்காது. நாடு முழுக்க 60,000க்கும் மேல் இருக்கின்றன.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, சிவில் பங்கும் கத்தோலிக்கப் பங்கும் வேறு வேறு. எல்லையும் வேறு, பல நேரம் பெயரும் வேறு. நிலப் பதிவுகள் சிவில் பங்கின்படி இருக்கும், ஞானஸ்நானப் பதிவு கத்தோலிக்கப் பங்கின்படி இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவத் தெரியாமல் நான் ஒரு மாதம் தவறான பங்கில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு, எழுத்து. ஐரிஷ் மொழிப் பெயர்களை ஆங்கிலக் காது கேட்டபடி எழுதி வைத்தார்கள். கில் என்று ஆரம்பிப்பவற்றில் நிறைய ஊர்களில் அது கோவிலைக் குறிக்கும் சொல். பேலி என்றால் பெரும்பாலும் ஊர், குடியிருப்பு. நாக் என்றால் குன்று. டெரி என்றால் ஓக் மரத்தோப்பு. நீனா என்ற ஊர்ப்பெயருக்கு அடியில் இருப்பது சந்தை என்று பொருள்படும் ஐரிஷ் சொல், அதற்கு முன்னால் வரும் சுட்டின் கடைசி எழுத்து ஒட்டிக்கொண்டு நகரம் முன்னால் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஜி, ஹெச் என இரண்டு எழுத்து சேர்த்து எழுதுவார்கள், வாசிக்கும்போது ஒலிக்காது.

டிஸ்சார்ஜ் பேப்பரில் இருந்த பங்கின் பெயரும் இப்படித்தான் குமாஸ்தாவின் காது வழியாக வந்த பெயர். அந்த எழுத்துக்கூட்டலில் உலகத்தில் எந்த ஊரும் இல்லை. அதை வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு லோகைன்ம் என்ற அரசு இடப்பெயர்த் தளத்தில், டிப்பரேரியில் நீனாவைச் சுற்றியுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு பெயர் மட்டும் ஒலியில் பொருந்தியது. சாவி கிடைத்தது அங்கேதான்.

குடும்பப் பெயருக்கும் இதே கதை. ஓ, மாக் என்ற முன்னொட்டுகளைப் பல குடும்பங்கள் ஒரு காலத்தில் விட்டுவிட்டன, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திரும்ப எடுத்துக்கொண்டன. அப்பா சலிவன், மகன் ஓசலிவன் என்று இருக்கும். இரண்டையும் தேடணும்.

1864 என்ற கோடு

தேடுவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: என் ஆள் 1864க்கு முன் பிறந்தவரா, பின் பிறந்தவரா?

நமக்குத் தெரிந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல். இடையன்குடி கால்டுவெல்தான். 1814இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கவுண்டியில், ஸ்காட்லாந்து வழிவந்த பெற்றோருக்குப் பிறந்தவர். இன்னொருவர் மார்கரெட் கசின்ஸ். 1878இல் ராஸ்காமன் கவுண்டியின் பாய்ல் ஊரில் பிறந்து, 1915இல் மதராஸுக்கு வந்து, 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர்.

கசின்ஸின் பிறப்பைத் தேடுவது சுலபம். பிறந்தபோதைய குடும்பப் பெயர் கில்லெஸ்பி, பதிவு மாவட்டம் பாய்ல், வருடம் 1878 என்று தேடலை ஆரம்பித்துவிடலாம். கால்டுவெல்லுக்கு அப்படி ஒரு பெட்டியே கிடையாது. காரணம், அயர்லாந்தில் எல்லாருடைய பிறப்பு, இறப்பு, திருமணத்தையும் அரசு பதிய ஆரம்பித்தது 1864 ஜனவரி 1இலிருந்துதான். கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணம் மட்டும் 1845 ஏப்ரலிலிருந்தே பதிவாகியிருக்கிறது. அதற்கு முன் பிறந்தவர் என்றால் கோவில் பதிவேடுதான் கதி.

1864க்குப் பிந்தையவை ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் இருக்கின்றன. அசல் பக்கத்தின் படமே இலவசம். நூறு வருடம் கடந்த பிறப்புகள், 75 வருடம் கடந்த திருமணங்கள், 50 வருடம் கடந்த இறப்புகள். நாடு பிரியும் முன்பு பதிவு ஒன்றாகவே நடந்ததால், இன்று வடஅயர்லாந்தில் இருக்கும் கவுண்டிகளின் பழைய பதிவுகளையும் இங்கே தேடலாம். வடக்குக்கென்று பெல்ஃபாஸ்டில் தனிப் பொது ஆவணக் காப்பகமும் உண்டு, அவர்களுடைய உயில் அட்டவணைகளும் நிலமதிப்புத் திருத்தப் புத்தகங்களும் இணையத்தில் இலவசம்.

இங்கே ஆன்ட்டியின் கேள்வியை ஞாபகம் வையுங்கள். அம்மா பெயர். இந்தப் பதிவுகளில் அம்மா எங்கே இருக்கிறார்?

பிறப்புப் பதிவில் இருக்கிறார், கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரோடு. திருமணப் பதிவில் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா பெயர், பெண்ணின் அப்பா பெயர், அவர்கள் தொழில், அவ்வளவுதான். இறப்புப் பதிவில் இறந்தவரின் பெற்றோர் பெயரே கிடையாது. சாகும்போது பக்கத்தில் இருந்தவர் பெயர் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பிறப்பைத் தாமதமாகப் பதிந்தால் அபராதம். அதனால் சிலர் தேதியைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் நடந்த மாதிரி இரண்டு பதிவுகள் இருந்தால் பயப்படாதீங்க, கோவில் தேதியை நம்புங்க.

நம் ஆள் டிஸ்சார்ஜ் பேப்பர் கணக்குப்படி 1836 வாக்கில் பிறந்தவர். கோட்டுக்கு அந்தப் பக்கம்.

கோவில் புத்தகங்கள்

அயர்லாந்து தேசிய நூலகம் பல பத்தாண்டுகளுக்கு முன் கத்தோலிக்கப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்து வைத்திருந்தது. 2015 ஜூலையில் அந்தப் படங்கள் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள், 3,70,000க்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலும் 1880 வரை.

ஆனால் அந்தத் தளத்தில் பெயரைத் தட்டினால் ஆள் வரமாட்டார். வரைபடத்தில் பங்கைத் தேர்ந்தெடுத்து, வருடத்தையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு படமாக நாமே வாசிக்கணும். கெரி, டப்ளின் நகரம் போன்ற சில பகுதிகளுக்கு மட்டும் ஐரிஷ் ஜீனியாலஜி தளத்திலேயே கோவில் பதிவுகளைப் பெயர் வைத்துத் தேடலாம். டிப்பரேரிக்கு அந்த வசதி இல்லை.

அதனால் நான் 1833 முதல் 1839 வரை ஏழு வருடத்துப் பக்கங்களை வாசித்தேன். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் ஒரு மணி நேரம். மை பரவிய இடங்கள், மடிப்பில் மறைந்த வரிகள், சாமியார் அவசரத்தில் கிறுக்கியது எல்லாம் உண்டு.

லத்தீன் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். பயந்துக்க வேண்டாம், பத்துச் சொல் போதும். யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ். யோவான்னெஸ் என்றால் ஜான். குயிலியெல்முஸ் என்றால் வில்லியம். ஹொனோரியா என்று இருந்தால் வீட்டில் நோரா. ஆங்கிலத்திலேயே எழுதிய பங்குகளும் நிறைய.

ஒரு வரியில் பொதுவாக இவ்வளவு இருக்கும்: தேதி, பிள்ளை பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், இரண்டு ஞானப்பெற்றோர் பெயர். சில சாமியார்கள் டவுன்லேண்டையும் எழுதியிருப்பார்கள். முக்கியமான விஷயம், அம்மாவைப் பெரும்பாலும் அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரிலேயே எழுதியிருப்பார்கள். வேறு எந்த அரசாங்கக் காகிதமும் அந்தக் காலத்து ஏழைப் பெண்ணுக்குக் கொடுக்காத மரியாதை அது.

ஞானப்பெற்றோரையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமா வகையறா. கல்யாணம் தேடுவதாக இருந்தால் பெண் வீட்டுப் பங்கில் தேடுங்கள், அதிலும் பிப்ரவரியை முதலில் பாருங்கள். தவக்காலத்தில் கல்யாணம் வைக்க முடியாது என்பதால் சாம்பல் புதனுக்கு முந்தைய நாட்களில் வரிசையாக நடக்கும்.

ஆறாவது வாரம் ஆள் கிடைத்தார். அதே பெயர், அதே அப்பா பெயர், 1835. அம்மா பெயர் தெளிவாக இருந்தது. அன்றைக்கே ஆன்ட்டியிடம் சொல்ல ஓடியிருப்பேன். ஏதோ ஒரு சந்தேகத்தில், மிச்சப் பக்கங்களையும் முடித்துவிடலாமே என்று தொடர்ந்தேன். 1837இல் இன்னொருவர். அதே பெயர். அதே அப்பா பெயர். அம்மா வேறு, டவுன்லேண்டும் வேறு.

இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. முதலில் கிடைத்தவரை நம்மவர் என்று நினைத்துத் தேடலை நிறுத்திவிடுவது. முதல் ஆளோடு நிறுத்தியிருந்தால் அந்த பேத்திக்கு வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயரைப் பாட்டி என்று கொடுத்திருப்பேன். அவளும் அதைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பாள்.

நிலக் கணக்கு: அப்பாக்களைப் பிரிப்பது

ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் தலைமையில், உள்ளூர் வரி போடுவதற்காக அயர்லாந்தின் நிலம், வீடு எல்லாவற்றையும் மதிப்பிட்டு 1847 முதல் 1864 வரை அச்சிட்டு வெளியிட்டார்கள். கிரிஃபித் மதிப்பீடு என்றுதான் சொல்வார்கள். நம்ம ஊர் அடங்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். யார் அனுபவிக்கிறார், யாரிடம் குத்தகை, எவ்வளவு நிலம், என்ன மதிப்பு. ஆஸ்க் அபௌட் அயர்லாந்து என்ற தளத்தில் வரைபடத்தோடு இலவசம். குடும்பத்தில் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். பெண்கள் வருவது பெரும்பாலும் விதவையாக இருந்தால்தான். அதற்கும் முன்னால் போக வேண்டுமானால், 1823க்கும் 1837க்கும் இடையில் எழுதிய தசமபாக வரிப் புத்தகங்கள் தேசியக் காப்பகத்தின் தளத்தில் இருக்கின்றன.

இதை வாசிக்கும்போது காலத்தை மறந்துடக்கூடாது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் தொடங்கியது. 1841இல் சுமார் 81.75 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65.5 லட்சம் ஆனது. ஆக கிரிஃபித்தின் புத்தகம் பஞ்சத்துக்குப் பிறகும் மிஞ்சியவர்களின் பட்டியல். ஒருவர் அதில் இல்லையென்றால் செத்திருக்கலாம், கப்பல் ஏறியிருக்கலாம், வெளியேற்றப்பட்டிருக்கலாம்.

ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மதிப்பீட்டாளர்கள் பக்கத்தில் அடையாளம் போட்டிருப்பார்கள். அவருடைய அப்பா பெயரோ, சிவப்புத் தலைமுடி என்பதோ. கருப்பு முருகேசன், செவத்த முருகேசன் என்று நம்மூரில் சொல்வதில்லையா, அதேதான்.

எங்களுக்கு இரண்டு டவுன்லேண்டிலும் ஒவ்வொரு அப்பா கிடைத்தார். ஆக இரண்டு பேரும் உண்மையிலேயே வேறு வேறு ஆட்கள், ஒரே ஆளின் இரண்டு மனைவிகள் இல்லை என்பது உறுதியானது. நல்லதுதான், ஆனால் நம்மவர் யார்?

பென்ஷன் மனுவில் ஒரு பெயர்

இங்கே கொஞ்சம் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

1909 ஜனவரி 1இலிருந்து 70 வயது ஆனவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் முதியோர் பென்ஷன் வந்தது. ஏழைகளுக்கு அது பெரிய காசு. ஆனால் 70 வயது என்று எப்படி நிரூபிப்பது? அவர்கள் பிறந்தபோது அரசுப் பதிவே இல்லை. 1839 ஜனவரி 6 ராத்திரி அயர்லாந்தைப் புரட்டிப் போட்ட பெருங்காற்று எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொன்னவர்கள் ஏராளம்.

1901, 1911 கணக்கெடுப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். முன்னதில் 58 வயது என்று இருந்தவர் பின்னதில் 71 ஆகியிருப்பார். பென்ஷனுக்காகக் கூட்டிச் சொன்னது பாதி, தன் வயது தனக்கே சரியாகத் தெரியாதது பாதி. அதனால் இந்த வயதுகளை ஐந்தாறு வருடம் முன்பின்னாக வைத்துத்தான் தேடணும்.

வயதை நிரூபிக்க இன்னொரு வழி இருந்தது. 1841, 1851 கணக்கெடுப்புகள் அப்போது இன்னும் எரியவில்லை. மனுதாரர் தன் பெற்றோர் பெயர், அப்போது குடியிருந்த டவுன்லேண்ட், பங்கு எல்லாம் எழுதிக் கொடுத்தால், காப்பகக் குமாஸ்தா பழைய புத்தகத்தில் தேடி, இருக்கிறது, இல்லை என்று குறித்து அனுப்புவார். புத்தகங்கள் 1922இல் எரிந்தன. மனுக்கள் மிஞ்சின. தேசியக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெற்றோர் பெயர் என்றால் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் பல மனுக்களில் உண்டு.

இந்தத் தளத்தில் அந்தக் குடும்பப் பெயரைப் போட்டு, பங்கைப் போட்டுத் தேடினேன். ஒரு கிழவியின் மனு வந்தது. 1837இல் ஞானஸ்நானம் பெற்றவருடைய டவுன்லேண்ட். அதே அப்பா. அதே அம்மா, பிறந்த வீட்டுப் பெயரோடு. அதாவது அந்த இரண்டாவது பையனின் தங்கை. கீழே குமாஸ்தா எழுதியிருந்தது: கிடைக்கவில்லை. பாவம், அந்த வழியில் அவருக்கு வயது நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அவர் எழுதிக் கொடுத்ததால் அவருடைய அம்மா பெயர் இரண்டாவது முறையாக ஒரு காகிதத்தில் ஏறியது.

இன்னொருவரை நீக்குவது

இது வரைக்கும் நம்மவர் இரண்டாமவர் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை, பார்த்தீங்களா? தங்கை இருந்தது நிஜம், ஆனால் அவளுடைய அண்ணன் மதராஸுக்கு வந்தானா என்பது தெரியாது.

அதனால் முதல் ஆளின் பின்னால் போனேன். ஊரிலேயே இருந்திருந்தால் 1864க்குப் பிறகு ஏதாவது ஒரு பதிவில் சிக்குவார். சிக்கினார். 1867 பிப்ரவரியில் நீனா பதிவு மாவட்டத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பெயர், அப்பா பெயர், குடியிருக்கும் டவுன்லேண்ட் மூன்றுமே 1835 ஆளோடு பொருந்தின. நம்மவருக்கு 1865இலேயே மதராஸில் கல்யாணம் ஆகிவிட்டது. ஆக முதல் ஆள் நம்மவர் இல்லை.

அவருடைய வீட்டை 1911 கணக்கெடுப்பிலும் பார்த்தேன். அந்த வருடம் கல்யாணமான பெண்களிடம் மூன்று கேள்வி கேட்டார்கள்: கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. விதவைகள் இதை நிரப்பத் தேவையில்லை. ஆனால் நிறையப் பேர் நிரப்பினார்கள், கணக்கெடுப்பாளர் வந்து அடித்துவிட்டுப் போனார். அடித்த கோட்டுக்கு அடியில் எண் இன்றும் தெரியும். அந்த வீட்டிலும் அப்படி ஒரு விதவை, அடித்த எண்கள். ஒன்பது, நான்கு. நமக்குச் சம்பந்தமில்லாத குடும்பம்தான். இருந்தாலும் அந்தப் பக்கத்தை உடனே மூட மனசு வரவில்லை.

கடைசியாக ஒன்று. ஐரிஷ் குடும்பங்களில் பெயர் வைக்க ஒரு வழக்கம் உண்டு. முதல் மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மா வழித் தாத்தா. முதல் மகளுக்கு அம்மா வழிப் பாட்டி, இரண்டாவது மகளுக்கு அப்பா வழிப் பாட்டி. பெயரன் என்பதிலிருந்து பேரன் என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது ஒன்றும் புதுசில்லை. எல்லாரும் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆகவே இதை ஆதாரமாக எடுக்கக் கூடாது, துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மதராஸ் ஞானஸ்நானப் பதிவுகளுக்கு ஃபேமிலிசர்ச் தளத்திலும், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தளத்திலும் இலவச அட்டவணைகள் உண்டு. அதில் நம்மவரின் இரண்டாவது மகள் பெயரைப் பார்த்தேன். டிப்பரேரியில் இருந்த அந்த அம்மாவின் பெயரேதான்.

சுருக்கமாக

நீங்கள் தேடப் போவதாக இருந்தால் இந்த வரிசையில் போங்கள். முதலில் உங்கள் கையில் இருக்கும் காகிதம், வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம். பிறகு ஊர்ப் பெயரை லோகைன்மில் உறுதி செய்வது. 1864க்குப் பிந்தையவர் என்றால் ஐரிஷ் ஜீனியாலஜி, 1901, 1911 கணக்கெடுப்பு. முந்தையவர் என்றால் தேசிய நூலகத்தின் கோவில் பதிவேடு, கிரிஃபித், தசமபாகப் புத்தகம், பென்ஷன் மனுக்கள். உங்கள் ஆள் கப்பல் ஏறிவிட்டார் என்றால் ஏறாத அண்ணன் தம்பி, அக்கா தங்கையைத் தேடுங்கள், அவர்கள்தான் காகிதத்தில் இருப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், இனி நீங்கள் தவறு செய்யும் வாய்ப்பு குறைவு. எந்தப் பக்கத்தில் எதைப் பார்த்தீர்கள் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள், கிடைக்காததையும் சேர்த்து.

ஆன்ட்டிக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒன்றில் ஆதாரங்கள். இன்னொன்றில் பெயரும் டவுன்லேண்டும், கீழே "பெரும்பாலும் இவரே, முற்றிலும் உறுதி என்று சொல்ல முடியாது" என்ற வரியும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெயரை இரண்டு முறை வாசித்தார்.

"இது என் அத்தை பேரு மேன். எங்க வீட்டுல எப்பவும் இந்தப் பேருல ஒருத்தி இருப்பா. ஏன்னு யாருமே சொன்னதில்ல."

பிறகு போனை எடுத்து மெல்போர்னுக்கு அழைத்தார். அங்கே ராத்திரி ஆகியிருக்குமே என்றேன். "பரவால்ல, எழுந்திருக்கட்டும்" என்றார்.